மூன்று கதவு ஜிம்னியில் தொரட்டிக் கம்பும் புல்வெட்டியும்: எப்படி ஏற்றுகிறீர்கள்?

யீஷூன்_தோட்டக்காரன் · செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கேள்வி சின்னதுதான், முன்கதை கொஞ்சம் நீளம்.

நான் இருப்பது சிங்கப்பூரில். என்னிடம் இருப்பது 2019இல் பதிந்த மூன்று கதவு ஜிம்னி, சுஸூக்கியின் சின்ன ஜீப். மனைவியின் ஊர் எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம். மாமனாருக்கு அங்கே இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம். பாதி செம்பனை, மீதியில் ரம்புத்தான், டுரியான், பின்னெல்லையில் பால் வற்றிப்போன பழைய ரப்பர் மரங்கள். போன வருடம் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்தான் போய்ப் புல் வெட்டி, காய்ந்த கிளை கழித்து வருகிறேன்.

சாமானெல்லாம் நீளம். புல்வெட்டி 1.8 மீட்டர். கம்பு ரம்பத்தை முழுக்கச் சுருக்கினாலும் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கம்பும் கிட்டத்தட்ட அதே நீளம். ஒரு கடப்பாரை, மண்வெட்டி, பிக்காசு, சருகு வாரி. இதுவரை எல்லாவற்றையும் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் செருகி, முனையை டேஷ்போர்டு மேல் சாய்த்து ஓட்டினேன். போன மாதம் சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். நான் நின்றுவிட்டேன், கம்பு நிற்கவில்லை. கண்ணாடியில் ஒரு முழம் விரிசல். பக்கத்தில் மனைவி இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் தூங்கவிடவில்லை.

அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கொட்டகையில் இரண்டு தடவை களவு போயிற்று. இரண்டாவது தடவை பூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூரைத் தட்டு ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை. மேலே பிவிசி குழாய் கட்டி, கம்புகளை அதற்குள் தள்ளிவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

மரீன்_பரேட்_மணி · செவ்வாய், இரவு 10.05

பின்சீட்டை நிமிர்த்தி வைத்தால் 85 லிட்டர், மடித்தால் 377 லிட்டர். ஜிம்னியின் சாமான் இடம் அவ்வளவுதான். தேக்கா மார்க்கெட்டில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கினாலே கொத்தமல்லியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் கடப்பாரை வேறயா? ஒரு பிக்அப் எடுத்திருக்கலாம் தம்பி.

---

யீஷூன்_தோட்டக்காரன் · செவ்வாய், இரவு 10.20

மணி சார், பிக்அப் எடுத்தால் அது சரக்கு வண்டி. சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) சி பிரிவு, விரைவுச்சாலையில் 70க்கு மேல் போகக்கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விடவும் அதே வண்டிதான் வேண்டும். ஜிம்னி என்றால் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவிலேயே வந்துவிட்டது, மழைக்குப் பிறகு மாமனார் தோட்டத்து மண் பாதையிலும் ஏறுகிறது. இடம் ஒன்றுதான் குறை.

---

பழைய_ஜிம்னி · புதன், காலை 7.15

குழாய்தான் சரி. நான் ஆறு வருடமாக அதில்தான் தூண்டில் கம்பு, கூடாரக் கம்பு எல்லாம் கொண்டுபோகிறேன். 2018க்குப் பிறகு வந்த ஜிம்னியில் கூரை ஓரமாக மழைநீர் வாய்க்கால் ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்த வாய்க்காலைக் கவ்வும் கால்களை வாங்கினால் கூரையில் ஒரு துளைகூடப் போட வேண்டாம்.

நாலு அங்குல வடிகால் குழாய் எடுங்கள். ஒரு முனையை நிரந்தரமாக ஒட்டி மூடுங்கள், மறுமுனைக்குத் திருகு மூடி. மூடி கட்டாயம் பின்பக்கம்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் வைத்தால் காற்று உள்ளே போக வழி தேடும், உங்களுக்குப் புல்லாங்குழல் கேட்கும். அடியில் நாலைந்து சிறு துளைகள் போடுங்கள், இல்லையென்றால் ஒரு மழைக்கே உள்ளே குளம் கட்டிவிடும். துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். நான் ஒட்டாமல் விட்டேன். குளவி குடிவந்தது, துவாஸ் சோதனைச்சாவடியில் அதிகாரி மூடியைத் திறக்கச் சொன்னார். மீதியைச் சொல்ல வேண்டாம்.

கட்டுவதற்கு ராட்செட் பட்டை வேண்டாம். அதன் முறுக்கில் பிவிசி நசுங்கும். கையால் இழுத்து இறுக்கும் சாதாரணப் பட்டை போதும். பட்டையை ஒரே ஒரு முறை திருகிவிட்டுக் கட்டினால் 90இல் போகும்போது ரீங்காரம் இருக்காது.

---

லாரி_அண்ணன் · புதன், மதியம் 12.50

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். மரம் வெட்டும் குழு ஒன்றுக்கு மேற்பார்வையாளராகப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

தம்பி, குழாயைப் பற்றிப் பேசுமுன் எடையைப் பேசுவோம். ஜிம்னியின் கையேட்டில் கூரைச் சுமை 30 கிலோ. நிறையப் பேர் அதைச் சாமானுக்கான எடை என்று எண்ணிக்கொள்கிறார்கள். தட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். நீங்கள் வாங்கிய தட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தட்டாக இருந்தால் அதுவே முக்கால்வாசியைத் தின்றுவிடும். அதற்கு மேல் கால்கள், குழாய், கம்பு ரம்பம் ஒரு ஆறேழு கிலோ. கடப்பாரையை மேலே ஏற்றும் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வண்டி 1.65 மீட்டர் அகலம், 1.72 மீட்டர் உயரம். அகலத்தைவிட உயரம் கூட. அந்தப் பெட்டியின் உச்சந்தலையில் சுமையை வைத்து மண் பாதையில் பக்கச்சரிவில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூண்டில் கம்புக்குச் சரியாக வருவது இரும்புக்குச் சரியாக வராது. பழைய ஜிம்னி அண்ணன் கோபிக்கக்கூடாது.

---

பழைய_ஜிம்னி · புதன், மாலை 6.30

கோபமில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. நான் கடப்பாரையை மேலே வைக்கச் சொல்லவே இல்லையே. லேசான கம்பு மேலே, கனமான இரும்பு கீழே. குழாயை இரண்டு குறுக்குச் சட்டத்தில் நேரடியாகக் கட்டினால் தட்டே தேவையில்லை, எடைப் பிரச்சினையும் பாதிக்குப் பாதி போய்விடும்.

---

யீஷூன்_தோட்டக்காரன் · புதன், இரவு 8.55

வீட்டுத் தராசில் நான் முதலில் ஏறி, பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். தட்டு மட்டும் 23 கிலோ. லாரி அண்ணன் சொன்னது சரி.

இன்னொரு கூத்தும் நடந்தது. எங்கள் புளோக் அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் நுழைவாயிலில் 2.0 என்று பலகை தொங்குகிறது. வண்டி 1.72, தட்டும் காலும் சேர்ந்து 14 சென்டிமீட்டர், அதன் மேல் நாலு அங்குலக் குழாய். கூட்டிப் பார்த்தால் மூன்று விரல் இடைவெளிதான் மிஞ்சுகிறது. சரிவுப்பாதையில் ஏறும்போது மூக்கு தூக்கும் அல்லவா? தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டி வரும்.

---

கம்போங்_அக்கா · புதன், இரவு 10.10

வண்டிக்கு உள்ளேயே இடமிருக்கிறது தம்பி, நீங்கள் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள்.

எங்கள் குடியிருப்பாளர் குழுவின் சமூகத் தோட்டத்துக்கு நான்தான் சாமான் ஏற்றி இறக்குபவள். என்னுடையதும் சின்ன வண்டிதான். நடு வழியாகச் செருகினால் கம்பு கியர் மேல் நிற்கும், கை இடிக்கும், முன்னால் கண்ணாடியைத் தவிர தடுப்பதற்கு ஒன்றுமில்லை. இடப்பக்கமாக ஏற்றுங்கள். ஜிம்னியின் பின்கதவுக்குக் கீல் வலப்பக்கம், வாய் இடப்பக்கம். நடைபாதை ஓரமாக நிறுத்தி, பாதையில் நின்றபடியே ஏற்றலாம். அந்த வாய்க்கு நேர் எதிரே பயணி சீட்டு. பின்சீட்டுகள் தனித்தனியாக மடியும், இடப்பக்கத்தை மட்டும் மடியுங்கள். முன் பயணி சீட்டின் தலையணையைக் கழற்றி, முதுகைப் பின்னால் போகும் மட்டும் சாயுங்கள். தட்டையாகப் படுக்காது, கொஞ்சம் சரிவாக நிற்கும். அந்தச் சரிவுதான் நமக்கு வேண்டும். கருவியின் கனமான முனையை முன்னால் காலடிக் குழிக்குள் இறக்குங்கள், கைப்பிடி பின்கதவைப் பார்த்து மேலே எழும்பி நிற்கும்.

இதில் வசதி என்னவென்றால், கனமான முனை ஏற்கெனவே வண்டியின் முன்சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பிரேக் பிடித்தால் ஓட இடமில்லை. கண்ணாடியை உடைத்தது கம்பின் எடை இல்லை தம்பி, அதற்கு ஓடக் கிடைத்த இடம்.

ஒரு பழைய மிதியடியைச் சுருட்டி முனைக்கு முன்னால் வையுங்கள். டேஷ்போர்டு மேல் எதையும் சாய்க்காதீர்கள், அந்தப் பக்கம் காற்றுப்பை இருக்கிறது.

---

யீஷூன்_தோட்டக்காரன் · வியாழன், இரவு 9.30

அக்கா, இப்போதுதான் கீழே போய் டேப் வைத்து அளந்துவிட்டு வந்தேன். இடப்பக்கக் காலடிக் குழியின் அடியிலிருந்து மூடிய பின்கதவு வரை, சரிவாக, 2.15 மீட்டர்! புல்வெட்டி தாராளமாக இறங்கிற்று. கம்பு ரம்பம் நூலிழை இடைவெளியில் நிற்கிறது, மழைத்துணி சுற்றினால் கதவு மூடாது. செம்பனைக் கம்பும் அப்படித்தான்.

ஆனால் அப்படி ஏற்றினால் மனைவி எங்கே உட்காருவது? வலப்பக்கப் பின்சீட்டில் என்றால் தோளை ஒட்டினாற்போல் ரம்பம். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

---

செம்பனைப்_பேரன் · வியாழன், இரவு 11.45

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வண்டியை நீட்டப் பார்க்கிறீர்கள். கருவியைக் குட்டையாக்கலாமே?

நான் பிறந்தது ஜொகூரில் ஒரு தோட்டத்தில். எங்கள் தாத்தா ரப்பர் காலத்திலிருந்து செம்பனைக் காலம் வரை வேலை பார்த்தவர். தோட்டம் விட்டுத் தோட்டம் வேலைக்குப் போகும்போது சைக்கிளில்தான் போவார். பின்னால் ஒரு கித்தான் பை. அதில் மண்வெட்டி இலை, பிக்காசுத் தலை, குலை அறுக்கும் அரிவாள், அரம், கொஞ்சம் கம்பி. கட்டை ஒன்றுகூட இருக்காது. "இரும்பு நம்மோடு வரணும், கட்டை அங்கேயே முளைக்கும்" என்பார். போன இடத்தில் கொய்யாக் கிளை பார்த்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்குவார், அரிவாளுக்கு மூங்கில். வேலை முடிந்தால் தலையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார், கட்டையை அங்கேயே சாய்த்துவிட்டு வருவார். கட்டையை எவன் திருடுவான்?

தம்பியின் கொட்டகைக் கதையும் அதுதானே. களவு போவது இரும்பும் இயந்திரமும். இரண்டு மீட்டர் மூங்கிலை அவன் எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

பிக்காசைப் பாருங்கள். அதன் கட்டை தலைப்பக்கம் பருத்து, பிடிப்பக்கம் மெலிந்து இருக்கும். தலை கீழிருந்து ஏறி மேலே போய் இறுகும், வீச வீச இன்னும் இறுகும். கழற்ற வேண்டுமானால் பருத்த முனையைத் தரையில் இரண்டு குத்து. அவ்வளவுதான், ஆப்பே கிடையாது. இரும்பு மட்டும் என்றால் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

---

லாரி_அண்ணன் · வெள்ளி, மதியம் 1.05

பேரன் சொன்னதை ரசித்தேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. பிக்காசுக்கு அது சரி. கோடாலிக்கும் ஆப்பு அடித்த மண்வெட்டிக்கும் சரிவராது. வாரத்துக்கு ஒரு தடவை ஆப்பைப் பிடுங்கி அடித்தால் கட்டை தளர்ந்துபோகும், ஒருநாள் தலை பறக்கும். எங்கள் ஆள் ஒருவருக்குக் கணுக்காலில் வாங்கிய அடி இன்றும் மழைக்கு வலிக்கிறது. ஆடும் தலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டை உப்பி அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். மண்வெட்டிக்குத் திருகாணி போட்டு இறுக்கும் தலை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ரப்பர் மரத்தைப் பிடிக்குச் செதுக்கிவிடாதீர்கள். பதப்படுத்தாவிட்டால் சீக்கிரமே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும். கொய்யா நல்ல தேர்வு.

இயந்திரத்துக்கு வருவோம். புல்வெட்டியை விற்றுவிட்டு, நடுவில் பிரியும் தண்டு உள்ளதை வாங்குங்கள். குமிழைத் தளர்த்தி, ஊசியை அமுக்கி இழுத்தால் இரண்டாகும், துண்டு ஒன்று ஒரு மீட்டருக்குள் அடங்கும். எங்கள் லாரிகளில் பாதி இப்போது அதுதான். இன்னொரு லாபமும் உண்டு: அதே இயந்திரத் தலையில் புல்வெட்டி முனையைக் கழற்றிவிட்டுக் கம்பு ரம்ப முனையை மாட்டலாம். இரண்டு இயந்திரம் தூக்க வேண்டாம். ஆனால் மலிவுச் சரக்கு வாங்காதீர்கள். இணைப்பில் சிறு ஆட்டம் இருந்தாலும் உள்ளே சுழலும் கம்பி தேயும், அரை மணி நேரத்தில் கை மரத்துப்போகும். கடையில் மாட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

---

பழைய_ஜிம்னி · வெள்ளி, மாலை 7.20

எல்லாம் சரி, செம்பனைக் கம்பை என்ன செய்வதாம்? அது அலுமினியம், பிரியாது.

---

செம்பனைப்_பேரன் · வெள்ளி, இரவு 8.00

அதைக் கொண்டுபோவதே தேவையில்லை என்கிறேன். அரிவாளை மட்டும் கொண்டுபோங்கள். குட்டை மரத்துக்கு அரிவாளும் வேண்டாம், உளி போதும். கம்பை அங்கேயே கொட்டகை உத்தரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டலாம், இல்லையென்றால் மூங்கில். ரம்புத்தானுக்கும் மூங்கில் தொரட்டிதான் கைக்கு இதம், கொத்தோடு முறித்து இறக்கலாம். டுரியானுக்குக் கம்பே வேண்டாம், அதுவாக விழும். தலையை மட்டும் காத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியக் கம்பைத் தூக்குமுன் தோட்டத்துக்குக் குறுக்கே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். குலை அறுக்கும்போது அண்ணாந்து குலையைத்தான் பார்ப்போம், கம்பியைப் பார்க்கமாட்டோம். மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தை எங்கள் தோட்டத்தில் யாரும் தொடமாட்டார்கள்.

---

மரீன்_பரேட்_மணி · வெள்ளி, இரவு 8.40

இத்தனை இரும்பை வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நின்றால் கேள்வி கேட்கமாட்டார்களா?

---

கம்போங்_அக்கா · வெள்ளி, இரவு 9.15

நல்ல கேள்வி. பாராங்கை, அதாவது பெரிய வெட்டுக்கத்தியை, வண்டியில் வைத்து ஊர் சுற்றாதீர்கள். தக்க காரணமில்லாமல் அப்படி ஆயுதத்தோடு பொது இடத்தில் இருப்பது இங்கே குற்றம், அங்கேயும் அப்படித்தான். "போன வாரம் தோட்டத்துக்குப் போனேன், எடுக்க மறந்துவிட்டேன்" என்று செவ்வாய்க்கிழமை நொவீனா கார்நிறுத்தத்தில் நின்று சொன்னால் யார் நம்புவார்கள்? பாராங் மாமனார் வீட்டு அடுப்படியிலேயே இருக்கட்டும். அது அங்கே பத்து ரிங்கிட் இருபது ரிங்கிட் சாமான்தானே.

பெட்ரோலும் அப்படித்தான். கேனில் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். சிங்கப்பூர் வண்டியில் இங்கிருந்து போகிறவன் முக்கால் தொட்டி பெட்ரோல் வைத்திருக்கவேண்டும் என்ற விதி 1991 முதல் இருக்கிறது. அதைப் பார்க்க நிற்கும் அதிகாரி முன்னால் பின்கதவைத் திறந்து கேனைக் காட்டினால் எப்படி இருக்கும்? இயந்திரத் தொட்டியையும் காலி செய்தே ஏற்றுங்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் பெட்ரோல் ஆவியோடு இரண்டு மணி நேரம் கடற்பால நெரிசலில் இருந்து பார்த்திருக்கிறேன். தலைவலி மறுநாள்தான் போயிற்று. இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயைச் சிறு போத்தலில் கொண்டுபோய், பெட்ரோலை மாமனாரிடம் சொல்லி அங்கேயே வாங்கிக் கலந்துகொள்ளலாம். பேட்டரி இயந்திரம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

திரும்பும்போது மண்ணைச் சுரண்டிக் கழுவிவிட்டு ஏற்றுங்கள். மண் இங்கே அனுமதி இல்லாமல் கொண்டுவரும் பொருள் இல்லை. மண்வெட்டி இலையில் ஒட்டியதும் மண்தான்.

---

பழைய_ஜிம்னி · சனி, காலை 8.10

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். எதையும் பின்கதவில் இருக்கும் உபரிச் சக்கரத்தில் மாட்டாதீர்கள். கோடாலி, மண்வெட்டி மாட்டும் சட்டம் இணையத்தில் நிறைய விற்கிறார்கள், படத்தில் அழகாக இருக்கும். சக்கரத்தின் எடையையே அந்தக் கீல்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கூடவே வண்டி எண் பலகையோ விளக்கோ மறைந்தால் அது தனி வழக்கு.

குழாயை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

---

யீஷூன்_தோட்டக்காரன் · ஞாயிறு (மூன்று வாரம் கழித்து), இரவு 10.30

நேற்றுப் போய்விட்டு இன்று மாலை திரும்பினோம். எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

பழைய புல்வெட்டியையும் கம்பு ரம்பத்தையும் விற்றேன். பிரியும் தண்டு இயந்திரம் ஒன்று, இரண்டு முனைகளோடு வாங்கினேன். லாரி அண்ணன் சொன்னபடி கடையில் குலுக்கிப் பார்த்தேன். முதலில் காட்டியது கடகடவென்றது. கடைக்காரர் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார். வேறு கடைக்குப் போனேன்.

இப்போது வண்டியில் ஏறுவதில் மிக நீளமானது கடப்பாரைதான், 1.5 மீட்டர். அதை ஏற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன், சொல்லிக்கொள்ளப் பெருமையாகவே இருக்கிறது. ஜிம்னியின் பின்பகுதிப் பக்கச் சுவர்களில் சாமான் மாட்டுவதற்கென்றே திருகுத் துளைகள் இருக்கின்றன. இடப்பக்கத் துளை இரண்டில் கொக்கி போட்டு, கடப்பாரையின் பின்பாதியை அதில் பட்டையால் கட்டினேன். முன்பாதி மடித்த பின்சீட்டின் மேல் வந்து, முனை பயணி சீட்டின் அடிச்சட்டத்தில் முட்டி நிற்கிறது. முனைக்கு ஒரு துண்டு பழைய ரப்பர் குழாய். மனைவி முன்சீட்டில் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தார். முட்டி நிற்பது அவர் சீட்டின் அடியில்தான் என்பதை அவரிடம் இன்னும் விளக்கவில்லை.

பிக்காசுத் தலை, மண்வெட்டித் தலை, குலை அரிவாள், உளி எல்லாம் ஒரு கித்தான் பையில். அரிவாளுக்குப் பழைய தீயணைப்புக் குழாயைக் கிழித்து உறை தைத்தேன். பையை வலப்பக்கப் பின்சீட்டின் காலடியில் வைத்து, முன்சீட்டின் முதுகோடு ஒட்டி இறுக்கியாயிற்று. மொத்தம் 16 கிலோ. கூரையில் ஒன்றுமில்லை.

போகும் வழியில் வேண்டுமென்றே ஆளில்லாத ஓர் இடத்தில் 50இல் போய்ப் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. தண்ணீர்ப் போத்தல் மட்டும் உருண்டது.

மாமனார் பையைத் திறந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போனார், நானும் கூடவே போனேன். வேலியோரத்துக் கொய்யாவில் எந்தக் கிளை என்று காட்டினார். "அது இல்லை, பக்கத்தில் உள்ளது. அது கணு விழுந்தது." பிடியை அவரே உட்கார்ந்து செதுக்கினார். அறுவைக்குப் பிறகு அவர் கையில் கருவி எடுத்தது அன்றைக்குத்தான். நான் செதுக்கியிருந்தால் ஒரு நாள் ஆகியிருக்கும், அவருக்கு முக்கால் மணி நேரம்.

மூங்கில் விஷயத்தில் மட்டும் பேரன் அண்ணன் சொன்னது முழுக்கப் பலிக்கவில்லை. பச்சை மூங்கிலில் அரிவாளைக் கட்டினேன், கனம் தாங்கவில்லை, உச்சியில் வில்லாக வளைகிறது. இரண்டு குலையை அறுத்துவிட்டு, அலுமினியக் கம்பை எடுத்துவர மனைவியின் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

---

செம்பனைப்_பேரன் · திங்கள், காலை 6.50

பச்சை மூங்கிலை உடனே கட்டினால் வளையாமல் என்ன செய்யும்! வெட்டி, நிழலில் நிறுத்திவைத்து, ஒன்றிரண்டு மாதம் காயவேண்டும். முற்றிய மூங்கிலாகவும் பார்த்து எடுக்கவேண்டும், தட்டினால் டங்கென்று கேட்கும். நான்தான் சொல்லாமல் விட்டேன், மன்னிக்கவும். இப்போதே நாலு வெட்டிப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

உயரமான மரத்துக்கு மட்டும் அலுமினியமே வையுங்கள். தாத்தாவும் கடைசியில் அதற்குத்தான் மாறினார்.

---

லாரி_அண்ணன் · திங்கள், மதியம் 12.40

தீயணைப்புக் குழாயில் உறை! இது எனக்குத் தோன்றவில்லையே. நாளைக்கே எங்கள் பட்டறையில் சொல்கிறேன்.

கடப்பாரையின் பின்பாதிக்கு ஒரு பட்டை போதாது, இரண்டு போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது சரி, பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் அது பின்கதவைப் பார்த்து ஓடும்.

---

பழைய_ஜிம்னி · திங்கள், மாலை 6.05

தம்பி, அப்படியென்றால் அந்தக் கூரைத் தட்டு சும்மாதானே கிடக்கிறது? விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் தட்டில் துரு பிடித்துவிட்டது.

---

யீஷூன்_தோட்டக்காரன் · திங்கள், இரவு 9.00

வாருங்கள் அண்ணே, வாங்கிய விலைக்கே தருகிறேன். இரண்டாவது பட்டையும் இன்று வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை வசதி. ஆனால் உங்கள் வண்டியைக் குழாயோடு எங்கள் கார்நிறுத்தத்துக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். வெளியே நிறுத்துங்கள், நான் தூக்கிக்கொண்டு கீழே வருகிறேன்.